போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் முன் போட வேண்டிய கணக்கு

பல்லடம், சூலூர், காங்கேயம், அவிநாசிப் பக்கம் புதிதாகக் காடு, அதாவது விவசாய நிலம், வாங்கியவர்களும், பங்கு பிரித்துக்கொண்டு தனியாகப் பண்ணையம் தொடங்குகிறவர்களும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இங்கே போர் போட்டால் தண்ணீர் வருமா?" பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் போர் போட்டபோது இந்தப் பதில்களுக்கு நடுவில் ரொம்பவே திண்டாடினோம். கடைசியில் கைகொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகமும், பள்ளிக்கூடத்தில் படித்த நிகழ்தகவும்தான்.

நம் பக்கத்து நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே இற்றுப்போன மண் கொஞ்ச ஆழம், அதற்குக் கீழே பாறை, பாறைக்குள் அங்கங்கே வெடிப்பு. தண்ணீர் அந்த வெடிப்பில் மட்டும்தான் இருக்கும். இருபது அடி தள்ளிப் போட்டால் ஒன்றில் வரும், இன்னொன்றில் வெறும் பாறைத்தூள் புகை வரும். ஆகவே வரும், வராது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட முடியும். அதை எப்படிப் போடுவது, எவ்வளவு செலவாகும், என்ன காகிதம் வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் நோட்டுப் போடுங்கள்

துளையிடும் போர் வண்டிக்காரரைக் கூப்பிடும் முன், நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடும் முன், இதைச் செய்துவிடுங்கள். உங்கள் காட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற போர் அத்தனையும் எழுதுங்கள். இருபதாவது தேறினால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு கேட்டு எழுத வேண்டும்: எந்த ஆண்டு, எந்த மாதம் போட்டது, மொத்தம் எத்தனை அடி, கேசிங் (மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி, எத்தனையாவது அடியில் ஊற்றுத் தட்டியது, தண்ணீர் வராமல் நிறுத்தியிருந்தால் எத்தனை அடியில் நிறுத்தினார்கள், சித்திரை வைகாசியில் இப்போது எவ்வளவு ஓடுகிறது.

இதில் பெரிய பொறி, கண்ணுக்குத் தெரிகிற போரை மட்டும் எண்ணுவது. மோட்டார் ஓடுகிற போர் தெரியும். பொய்த்த போரைக் கல் வைத்து மூடி, மேலே சோளத்தட்டை அடுக்கியிருப்பார்கள். தோட்டத்துக்காரரிடம் "எத்தனை போர் வைத்திருக்கிறீங்க?" என்று கேட்டால் ஓடுவதை மட்டும்தான் சொல்வார். "மொத்தம் எத்தனை போட்டீங்க? அதில் எத்தனை ஃபெயிலுங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் வட்டாரத்தின் கணக்கு பாதிக்குப் பாதி மாறிவிடும். காடு விற்கிறவரும் தரகரும் சொல்கிற போர்களை நோட்டில் ஏற்றாதீர்கள். அவர்கள் காட்டுவது பொறுக்கி எடுத்தது.

மாதத்தையும் விடாமல் எழுதுங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 கோடையில் தென்னை மரங்கள் காய்ந்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் போட்டுத் தண்ணீர் வந்த போர் என்றால் அது வலுவான சான்று. 2021இல் மழை கொட்டித் தீர்த்த பிறகு மார்கழியில் போட்டு வந்த தண்ணீரை அதே கணக்கில் சேர்க்க முடியாது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனத்தில் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் அல்லவா, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிய மாதத்தில் போட்டதா, வாய்க்கால் காய்ந்தபோது போட்டதா என்பதும் முக்கியம். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துக்காரர்களுக்கும் இதுவேதான்.

பிர்கா (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாக நிலத்தடி நீர் எடுப்பைக் கணக்கிட்டு அரசு பட்டியல் வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 100 சதவீதத்துக்கு மேல் போனால் அதிநுகர்வுப் பகுதி. உங்கள் பிர்கா எதில் இருக்கிறது என்று பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அது பத்திருபது ஊரைச் சேர்த்துச் சொல்லும் எண். உங்கள் காட்டு மூலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதற்குத்தான் நோட்டு.

2. எவ்வளவு வந்தால் 'வந்தது'?

வரும் தண்ணீரின் அளவை இன்ச்சில் சொல்வது வழக்கம். ஒரு இன்ச் வந்தால் ஒருவர் ஃபெயில் என்பார், அதையே இன்னொருவர் சாமி புண்ணியம் என்பார். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாவிட்டால் நோட்டில் இருக்கிற எண்ணுக்குப் பொருளே இல்லை.

இரண்டு ஏக்கர் தென்னை என்று வையுங்கள். ஏக்கருக்கு 70 மரம், ஆக 140 மரம். சொட்டுநீரில் கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்றால் மொத்தம் 9,100 லிட்டர். மணிக்கு 2,000 லிட்டர் தரும் போர் ஐந்து மணி நேரம் ஓடினால் போதும். மஞ்சள், வாழை, வாய்க்கால் பாய்ச்சல் என்றால் கதையே வேறு. உங்கள் தேவையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொரு போருக்கும் எதிரே 'எனக்குப் போதும்', 'போதாது' என்று குறியுங்கள். தேவை குறைவாக இருந்தால் ஊர் ஃபெயில் என்று தள்ளிய போரில் சில உங்களுக்குத் தேறும்.

3. நோட்டிலிருந்து வாய்ப்பை எடுப்பது

இருபதில் பதினான்கு தேறியிருந்தால் 70 சதவீதம். இருபது கிடைக்காமல் மூன்றே போர்தான் தெரியும், மூன்றிலும் தண்ணீர் இருக்கிறது என்றால்? 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. வந்த கணக்கில் ஒன்றும் வராத கணக்கில் ஒன்றும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு வகுங்கள். மூன்றுக்கு மூன்று என்பது ஐந்துக்கு நான்காகி 80 சதவீதம் என்று இறங்கும். இருபதுக்குப் பதினான்கு என்பது இருபத்திரண்டுக்குப் பதினைந்தாகி 68 சதவீதத்தில் நிற்கும். தகவல் குறைவாக இருந்தால் எண் நிறைய அசையும், அதிகமாக இருந்தால் அசையாது. நம் நம்பிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆழத்துக்குச் சராசரி போடாதீர்கள். ஐந்து போரில் ஊற்றுத் தட்டியது 300, 350, 380, 420, 1,200 அடி என்றால் சராசரி 530. ஆனால் ஐந்தில் நான்கு பேருக்கு 420 அடிக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த ஒரு 1,200தான் எல்லாவற்றையும் இழுத்துவிட்டது. வரிசையாக எழுதி நடுவில் நிற்கிற 380ஐ எடுங்கள். பணம் எவ்வளவு கையில் வேண்டும் என்பதற்கு அதுதான் சரியான தொடக்கம்.

4. நீரோட்டம் பார்க்கிறவரிடம் கேட்க வேண்டியது

தேங்காய், வேப்பங்குச்சி, செம்புக் கம்பி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. வீட்டில் பெரியவர்கள் பார்க்கச் சொன்னால் பாருங்கள், அதற்காக மனத்தாங்கல் வேண்டாம். ஆனால் அவர் சொல்கிற வெற்றிக் கணக்கை உங்கள் நோட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.

"நான் குறித்த பத்தில் எட்டு வந்திருக்கு" என்கிறார் என்று வையுங்கள். உங்கள் வட்டாரத்தில் எங்கே போட்டாலும் பத்தில் ஏழு வரும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து இடம் குறிக்கிறவருக்கும் பத்தில் எட்டோ அதற்கு மேலோ வருவதற்கு 38 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த எட்டு எதையும் நிரூபிக்கவில்லை. அதுவே பத்தில் மூன்றுதான் வரும் என்கிற வறண்ட பகுதியில் அவர் எட்டு எடுத்திருந்தால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய ஆயிரத்தில் இரண்டு வாய்ப்புகூட இல்லை. அவரிடம் ஏதோ விஷயம் இருக்கிறது, பாறையைப் படித்தவர் என்று அர்த்தம். எனவே அவர் எத்தனை குறித்தார் என்பதோடு எந்த ஊரில் குறித்தார் என்பதையும் கேளுங்கள். பொய்த்த இடங்களின் பெயரையும் கேளுங்கள். அதைச் சொல்ல மறுக்கிறவரின் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மின்சாரம் செலுத்தி அதற்கு உள்ள தடையை அளந்து பூமியைச் சோதிக்கிற கருவி வேளாண்மைப் பொறியியல் துறையிடம் இருக்கிறது. தனியார் கேட்பதைவிடக் கட்டணம் குறைவு. கோட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் வந்து பார்ப்பார்கள், கோடையில் மட்டும் வரிசை நீளம். சிட்டா நகலோடு தை மாதத்திலேயே மனுப் போட்டுவிடுங்கள். கருவியும் வாய்ப்பைக் கூட்டுமே தவிர உறுதி தராது.

5. எத்தனை அடியில் நிறுத்துவது

பணம் கரைவது இந்த இடத்தில்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும், 500 அடி தாண்டியிருக்கும், புகை மட்டும் வெள்ளை வெளேரென்று வந்துகொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவர்கள், "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் நூறடி பார்த்துரலாமுங்க" என்பார்கள். யாராவது ஒருவர், ஆயிரம் அடியில் பீறிட்டு அடித்த போரைப் பற்றிச் சொல்வார். அப்போது யோசித்து முடிவெடுக்க முடியாது. முதல் நாளே முடிவெடுத்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

கணக்கு இப்படி. நோட்டில் இருபது போர். அதில் பன்னிரண்டில் 500 அடிக்குள் தண்ணீர் வந்தது. மீதி எட்டுப் பேர் 800 வரை போனார்கள். இரண்டு பேருக்கு வந்தது, ஆறு பேருக்கு வரவில்லை. மொத்தத்தில் இருபதுக்குப் பதினான்கு, 70 சதவீதம். இப்போது நீங்கள் 500 அடியில் காய்ந்த பாறையோடு நிற்கிறீர்கள். உங்கள் வாய்ப்பு இன்னும் 70 சதவீதமா? இல்லை. அந்தப் பன்னிரண்டு பேர் உங்கள் வரிசையிலேயே இப்போது இல்லை. உங்களைப் போல 500இல் வறண்டு நின்றவர்கள் எட்டுப் பேர், அதில் தேறியது இரண்டு. ஆக 25 சதவீதம். ஊரில் சொல்கிற 'நம்ம பக்கம் பத்துக்கு ஏழு' என்பது வண்டி நிற்கும் முன் இருந்த கணக்கு. ஒவ்வொரு நூறடிக்கும் அது இறங்கிக்கொண்டே போகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லோரும் 800 வரை போயிருக்க மாட்டார்கள். 600இல் பணம் தீர்ந்து நிறுத்தியவரை '800 வரை வரவில்லை' என்று எண்ணக் கூடாது. 600 வரை வரவில்லை என்பது மட்டும்தான் அவரிடமிருந்து நமக்குத் தெரியும். நிறுத்திய அடியைக் கேட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இனி இதைப் பணத்தோடு சேர்ப்போம். வண்டி வாடகை அடிக்கணக்கு, ஆழம் போகப் போக அடிக்கு விலை ஏறும். கணக்குக்காக எளிய எண்களை வைக்கிறேன், உங்கள் ஊர் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 300 அடி அடிக்கு 100 ரூபாய், அடுத்த நூறடிக்கு 110, அதற்கடுத்த நூறடிக்கு 120. ஆக 500 அடிக்கு 53,000 ரூபாய். அதற்குமேல் 130, 150, 170 என்று ஏறினால் 500இலிருந்து 800 வரைக்கும் 45,000 ரூபாய்.

500 அடிக்குள் வாய்ப்பு இருபதுக்குப் பன்னிரண்டு, அதாவது 60 சதவீதம். 53,000ஐ 0.6ஆல் வகுத்தால் சுமார் 88,000. ஒரு தண்ணீர் உள்ள போருக்குச் சராசரியாக விழுகிற செலவு அதிகபட்சம் அவ்வளவுதான். அடுத்த 300 அடியில் 45,000ஐ 0.25ஆல் வகுத்தால் 1,80,000. ஆழத்தில் தேடுகிற தண்ணீர் இரண்டு மடங்கு விலை. கூடவே, 800 அடியிலிருந்து தூக்க அதிக எச்.பி. மோட்டார், கூடுதல் பைப்பு, கேபிள், ரோப் எல்லாம் வரும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே 500இல் வரவில்லை என்றால் நிறுத்துவதா, வேறு இடத்தில் புதிதாகப் போடுவதா, இன்னும் இறங்குவதா என்பதற்கு உங்கள் நோட்டே பதில் சொல்லும். சில ஊர்களில் 700 அடி தாண்டித்தான் நல்ல வெடிப்பு இருக்கிறது. அங்கே கணக்கு நேர் எதிராக வரும், இறங்கத்தான் வேண்டும். இதுவரை செலவான 53,000 எந்தப் பக்கம் போனாலும் திரும்பாது. அடுத்த ரூபாய்க்கு எங்கே வாய்ப்பு அதிகம் என்று மட்டும் பாருங்கள்.

எழுதிய அளவை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அத்தை வைத்திருந்தார். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் யார் என்ன சொன்னாலும் அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

6. ஒன்று பொய்த்தால் இரண்டாவது கட்டாயம் வருமா

"இரண்டு போயிருச்சு, மூணாவது விடாது" என்று சொல்வார்கள். முதலிரண்டும் பொய்த்த செய்தி பாறைக்குத் தெரியாது. 32 சதவீதம் பொய்க்கும் என்றால் இரண்டும் பொய்க்க 0.32ஐ 0.32ஆல் பெருக்கிப் பத்துச் சதவீதம்தான் என்று பேப்பரில் போடலாம். ஆனால் அந்தப் பெருக்கல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களுக்குத்தான் பொருந்தும். ஒரே காட்டில், ஒரே பாறையில் போடுகிற போர்கள் அப்படியல்ல. முதல் போர் பொய்த்ததே உங்கள் நிலத்தைப் பற்றிய ஒரு செய்தி, அது வாய்ப்பைக் குறைக்கத்தான் செய்யும்.

எவ்வளவு குறைக்கும் என்பதற்கும் நோட்டுதான். முதல் போர் பொய்த்து, அதே காட்டில் இரண்டாவது போட்டவர்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். ஐந்தில் இரண்டு தேறியிருந்தால் 40 சதவீதம். 53,000ஐ 0.4ஆல் வகுத்தால் 1,32,500. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், இறங்குவதற்கு ஆகிற 1,80,000ஐவிட இது குறைவு, ஆக வேறு இடம் பார்ப்பதே மேல். ஆனால் இரண்டுக்கு மேல் எத்தனை என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நகையை அடகு வைத்து நான்காவது போர் போட்ட குடும்பங்களை நம் பக்கத்தில் யார்தான் பார்க்கவில்லை.

பழைய கிணறு இருந்தால் சைடு போர் (கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிடுவது) போடுவது, தூர் எடுப்பது, பண்ணைக்குட்டை வெட்டுவது ஆகியவற்றின் செலவையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.

7. காகிதங்கள்

பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார் நகல். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் அரசு இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

போர் போடுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பு எழுத்துமூலம் தகவல் தர வேண்டும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிக்கென்று 2015இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. ஊராட்சி அனுமதி இல்லாமல் போடக் கூடாது. மனுவில் சர்வே எண், இடத்தின் வரைபடம், வண்டிக்காரரின் பெயர், பதிவு விவரம் எல்லாம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதிவு செய்யாத வண்டி விலை குறைத்துக் கேட்கும். நாளை ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று கூட்டுப் பட்டா. பங்காளிகள் பெயரும் இருந்தால் சம்மதக் கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது, குறித்த பாயிண்ட் உங்கள் சர்வே எண்ணுக்குள்தான் இருக்கிறதா என்பது. வேலி ஓரம், வண்டிப்பாதை ஓரம் என்றால் அளந்து பார்த்துவிடுங்கள். புறம்போக்கில் விழுந்துவிட்டால் மின் இணைப்பே கிடைக்காது.

8. விலை பேசும்போது

திருச்செங்கோட்டு வண்டிகள்தான் நம் பக்கம் அதிகம். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். முதல் 300 அடி விலையை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள், அதில் குறைத்துக் காட்டிவிட்டு 500க்கு மேல் ஏற்றிவிடுவார்கள். உங்கள் நடு ஆழத்துக்கும், நீங்கள் எழுதி வைத்த நிறுத்தும் ஆழத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்ணாகக் கேளுங்கள். கேசிங் அடிக்கு எவ்வளவு, எந்தக் கனம், ஆட்களின் பேட்டா, வண்டி வந்து போகும் கூலி, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா, எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். கேசிங் மண் பகுதி முழுக்க இறங்கிக் கெட்டிப் பாறையில் உட்கார வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் மண் சரிந்து போரே வீணாகும்.

9. எந்த மாதம்

பங்குனி முதல் வைகாசி வரை நீர்மட்டம் அடியில் கிடக்கும். அப்போது வருகிற தண்ணீர் நிலைக்கும், ஆனால் வண்டி கிடைக்காது, விலையும் ஏறும். ஐப்பசி மழைக்குப் பிறகு விலை இறங்கும், தண்ணீரோ ஏமாற்றும். பயிர் காயவில்லை, அவசரமில்லை என்றால் மாசிக் கடைசி, பங்குனித் தொடக்கம் நல்லது. 15 நாள் முன்னறிவிப்பு, ஊராட்சி அனுமதி, கருவிச் சோதனை எல்லாவற்றையும் பின்னோக்கி எண்ணினால் தை மாதமே வேலையைத் தொடங்க வேண்டும். நோட்டுப் போடுவது அதற்கும் முன்னால்.

10. வண்டி நிற்கும் நாள்

500, 600 அடி என்றால் பெரும்பாலும் ஒரே நாள் வேலை. கையில் சாக்பீசும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். துளையிட இறக்கும் இரும்புத் தண்டான ராடு பொதுவாக 20 அடி நீளம். முதல் ராடை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு கோடு. 25 ராடு என்றால் 500 அடி. முடிந்து ராடை மேலே தூக்கும்போது இன்னொரு முறை எண்ணுங்கள். எங்களுக்கு வந்த பில்லில் ராடு கணக்கைவிட அடி கூடுதலாக இருந்தது. கோடு போட்ட நோட்டைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். கேசிங் பைப்பையும் இறக்கும் முன் எண்ணிவிடுங்கள்.

ஒவ்வொரு ராடுக்கும் வெளியே வருகிற தூளில் ஒரு கைப்பிடி எடுத்து வரிசையாகச் சின்னக் குவியலாக வையுங்கள். மேலே செம்மண், அப்புறம் மஞ்சள் கலந்த சரளை, அப்புறம் சாம்பல் பாறைத் தூள் என்று மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஈரம் தட்டினால் புகை அடங்கித் தூள் சேறாகும். எந்த ராடில் அது நடந்தது என்று எழுதுங்கள். மோட்டார் எந்த ஆழத்தில் இறக்குவது என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம்.

11. தண்ணீர் வந்த பிறகு

கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் தென்னை உயரம் பீய்ச்சும்போது எல்லோரும் "மூணு இன்ச்சுங்க" என்பார்கள். அது வெடிப்பில் பல நாள் தேங்கி நின்ற தண்ணீரும் சேர்ந்தது. அந்த நேரத்து அளவை வைத்து மோட்டார் வாங்காதீர்கள். வாடகை மோட்டார் இறக்கி எட்டு மணி நேரமாவது ஓட்டி, முதல் மணியிலும், நான்காவது மணியிலும், எட்டாவது மணியிலும் 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை வினாடி என்று பாருங்கள். 80 வினாடி என்றால் மணிக்கு 9,000 லிட்டர். 360 வினாடி என்றால் 2,000. மூன்று அளவும் இறங்கிக்கொண்டே போனால் கடைசி எண்ணையும் நம்பாமல் இன்னும் ஓட்டிப் பாருங்கள். மோட்டாரின் எச்.பி.யை அப்புறம் முடிவு செய்யலாம்.

நொய்யல் ஓரத்தில் உள்ளவர்கள் தண்ணீர் பரிசோதனையை விடவே கூடாது. சாயக் கழிவு கலந்த வருடங்களின் உப்பு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) பார்த்துவிட்டுப் பயிரை முடிவு செய்யுங்கள்.

மின் இணைப்புக்கு வி.ஏ.ஓ. சான்று, சிட்டா, புலப்படம் வேண்டும். இலவசப் பிரிவில் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். பணம் கட்டி விரைவாக வாங்குகிற தட்கல் அவ்வப்போதுதான் திறக்கும். சில ஆண்டுகளுக்கு முன் திறந்தபோது 5 எச்.பி.க்கு 2.5 லட்சம் வாங்கினார்கள். இது போர் செலவைவிடப் பெரிய தொகை. போர் வேலையைத் தொடங்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நிலவரம் கேட்டுவிடுங்கள், சோலார் பம்பு மானியத்தையும் சேர்த்து விசாரியுங்கள்.

கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமென்ட் மேடை கட்ட வேண்டும். தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்கம்பி வேலி, பெயர்ப்பலகை, வாய்க்கு இரும்பு மூடி, எல்லாமே அந்த 2010 நெறியில் உள்ளவை.

12. வராவிட்டால் அன்றைக்கே செய்ய வேண்டியது

வண்டி போவதற்குள் வாயை மூடுங்கள். சாக்கைக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விடவே கூடாது. ஆறரை அங்குலக் குழி ஒரு குழந்தைக்குப் போதும். 2019இல் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் போர்க் குழியில் விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. குழியிலிருந்து வந்த பாறைத் தூள் அங்கேயே குவிந்து கிடக்கும். அதோடு களிமண், கூழாங்கல் சேர்த்து அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். கேசிங்கை உருவி எடுத்தால் காசு மிச்சம் என்று வண்டிக்காரர் சொல்வார். எடுத்தால் குழியின் வாய் அகலமாகும். எடுக்கிற அன்றே நிரப்ப ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள். நிரப்பும் செலவுக்கென்று முதலிலேயே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், 53,000 கணக்கோடு அதையும் சேர்த்துவிடுங்கள். நிரப்பியதும் தேதி தெரியப் படம் எடுத்து, மூடிவிட்டதாக ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்கி பட்டா நகலோடு சேர்த்து வையுங்கள்.